தேடி எடுத்த வாக்குத்தத்தம்

சோமனூர்,
6.1.2008

என் ஒரே அக்காள் பெற்ற ஒரே மகளும், பனியன் கம்பெனிச் செக்கிங் டேபிளின் மகாராணியும், கணவன் ராபின் என்னும் சாதுப் பிராணியை ஆண்டு வருபவளுமாகிய மருமகள் நதியாவுக்கு,

முப்பது வருஷமாக விசைத்தறிகளுக்கு வைத்தியம் பார்த்து, ஃபீஸாகத் தன் இரண்டு காதுகளையும் அந்தத் தறிகளிடமே கொடுத்துவிட்ட தாய்மாமன் ஞானையா எழுதுவது. நான் நலம். நேற்று மட்டும் பதினாறு தறிகளை மரணத்தின் வாசலிலிருந்து திருப்பிக் கொண்டுவந்தேன். பதினேழாவதை உரிமையாளர் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். இல்லையென்றால் அதையும் எழுப்பியிருப்பேன்.

புத்தாண்டுக் காலை ஆராதனைக்கு வழக்கம்போல மண்ணரைக்கு வந்தேன். கீழே நிட்டிங் கம்பெனி, மேலே நம் சபை. துணி ரோலும் பரிசுத்தவான்களும் ஒரே படிக்கட்டில் ஏறுகிற இடம் உலகத்தில் வேறெங்கே உண்டு? ஏறிப் போய்ப் பார்த்தால் உன் நாற்காலியில் ராபினின் ஹெல்மெட் உட்கார்ந்திருந்தது. அது உன்னைவிடப் பக்தியாகத்தான் இருந்தது, ஆனாலும் ஹெல்மெட்தானே.

"அவ எங்கடா?" என்று கேட்டேன். என் ரகசியக் குரல் பல்லடம் வரை கேட்கும் என்பது உனக்குத் தெரியும். போதகர் ஜெபத்தை நிறுத்திவிட்டார். ராபின் ஒரு டெலிவரி சலானின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினான்: "மாமா, அவ வேதபுத்தகத்தைப் பரண்ல தூக்கிப் போட்டுட்டா. ரெண்டு மாசமா கோயிலுக்கு வரலை. நான் சொன்னதா சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை. எழுதத்தான் செய்கிறேன்.

என்ன கோபம், யார் மேல் கோபம்? உடனே எழுது. ஆறுதலுக்குப் பன்னிரண்டு வசனங்கள் தயாராக வைத்திருக்கிறேன். போதாவிட்டால் நாற்பது வரை தருவேன்.

உன் பதிலுக்காக இளைத்துத் துரும்பாகி வரும் (இந்த வாரம் ஒரு கிலோ கூடினேன்),
ஞானையா மாமா

*

மண்ணரை,
11.1.2008

அன்புள்ள மாமாவுக்கு நதியா எழுதுவது.

முதலில் அந்தப் பன்னிரண்டு வசனங்களையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வேதபுத்தகம் பரணில்தான் இருக்கிறது. குக்கர் வந்த அட்டைப்பெட்டிக்குள். அந்தக் குக்கருக்கு ஐந்து வருஷம் கியாரண்டி உண்டு. கர்த்தர் எனக்குக் கொடுத்தது ஒரு வருஷத்துக்குத்தான். அதுவும் முடிந்துவிட்டது.

போன வருஷப் புத்தாண்டு நினைவிருக்கிறதா? கம்பெனியில் ஷிப்மெண்ட். என்னால் ஆராதனைக்கு வர முடியவில்லை. எல்லாரும் தட்டிலிருந்து, வேதவசனம் அச்சடித்த வருஷத்துக்கான வாக்குத்தத்தச் சீட்டு எடுத்தபோது, நீங்கள் எனக்காக ஒன்று எடுத்துக்கொண்டு வந்தீர்கள். "உன் பிள்ளைகள் ஒலிவமரக் கன்றுகளைப்போல் இருப்பார்கள்" என்று இருந்தது. நீங்கள் தெருவே கேட்கும்படி அல்லேலூயா சொன்னீர்கள்.

மாமா, கல்யாணமாகி அதற்குள் ஆறு வருஷம். நானும் ராபினும் ஒருவிதமாகப் பழகிக்கொண்டுவிட்டோம். நான் கேட்பதை நிறுத்தியிருந்தேன். அந்தச் சீட்டு வந்த பிறகுதான் மறுபடியும் கேட்க ஆரம்பித்தேன். பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி, தினமும் பார்த்தேன். ஊர் ஊராகப் பரிசோதனைக்குப் போனேன். நவம்பரில் கோயம்புத்தூர் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இனி முயற்சி வேண்டாம் என்று சொன்னார்கள்.

நம் ஊரில் பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையர்கள் செய்வார்களே, அதுபோல. ஆர்டர் கொடுத்து, சாம்பிள் ஓகே சொல்லி, நூல் வாங்கி, துணி ஓட்டி, சாயம் போட்டு, பெட்டி கட்டுகிற நாளில் கேன்சல். அப்படிச் செய்கிற பையரிடம் எங்கள் முதலாளி பழனிமுத்து அண்ணன் மறுபடி பேசவே மாட்டார். நானும் பேசுவதாக இல்லை.

உங்கள் மேல் கோபமில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வாருங்கள். மீன்குழம்புக்கும் கர்த்தருக்கும் சம்பந்தமில்லை.

நதியா

*

சோமனூர்,
17.1.2008

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தை ஒருதரம் படித்தேன். ஒரே ஒருதரம்தான். இதற்கு முன் நீ எழுதிய எல்லாவற்றையும் ஆயிரம் தரம் படித்திருக்கிறேன்.

இந்த ஞாயிறு வரவில்லை. ஒரு தறி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது, விட்டுவிட்டு வர மனமில்லை.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா சின்னாத்தாள் உன்னை விசாரித்தார்கள். சோமனூரில் எனக்குக் கேட்கிற ஒரே குரல் அவர்களுடையதுதான். அவர்கள் கூப்பிட்டால் தறிகள் பயந்து நின்றுவிடும்.

"ஏனுங்க ஞானையா, மூஞ்சி ஏனுங்க இப்படித் தொங்கிக் கெடக்குது?" என்றார்கள். மருமகள் சாமியோடு பேசுவதில்லை என்றேன்.

"அட, அதுக்கென்னுங்க? நானு மாரியாத்தாகிட்ட மாசத்துக்கொருக்கா சண்டை போடுவனுங்க. 'உனக்குக் கண்ணு இருக்குதா, இல்ல நொள்ளையாடி?'ன்னு நேராவே கேட்டுப்போட்டுத்தான் ஊட்டுக்கு வருவேன். ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளுங்க. உங்க சாமி கோவிச்சுக்குவாருங்களா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவர்கள் முறைத்துவிட்டுப் போனார்கள்.

நதியா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஆனால் பேனாவில் மை குறைவாக இருக்கிறது. தபால்காரர் குமாரசாமியும் வாசலில் நிற்கிறார். ஆகவே பிறகு.

மாமா

*

மண்ணரை,
21.1.2008

மாமா,

பேனா பால்பாயின்ட். தபால்காரர் உங்கள் கடிதத்துக்காக வாசலில் நிற்க மாட்டார், நீங்கள்தான் தபால்பெட்டிக்குப் போக வேண்டும்.

என்ன சொல்ல வேண்டும்? சொல்லுங்கள்.

நதியா

*

சோமனூர்,
25.1.2008

நதியா அம்மா,

நான்கு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். உண்மையாகவே நான்கு. கூட்டிச் சொல்லவில்லை.

அந்தப் புத்தாண்டு அன்று தட்டு என்னிடம் வந்தது. முதலில் எனக்கு எடுத்தேன். பிறகு உன்னை நினைத்து, கண்ணை மூடி, முறையாக ஒன்று எடுத்தேன். திறந்து பார்த்தால் "கர்த்தருக்குக் காத்திரு" என்று இருந்தது.

எனக்குச் சுரீரென்று வந்தது. ஆறு வருஷமாகப் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவளிடம் போய், இன்னும் நில் என்று நான் எப்படிச் சொல்வேன்? போதகர் பாடகர் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டைத் திரும்பப் போட்டுவிட்டேன். இரண்டாவது எடுத்தேன். உன் சத்துருக்கள் உன் பாதபடியாவார்கள் என்று இருந்தது. உனக்கு ஏது சத்துரு? ராபினைப் பாதபடியாக்க வேதவசனம் தேவையில்லை. அதையும் போட்டேன். அப்புறம் வெட்கத்தை விட்டு, தக்காளிக் கடையில் பொறுக்குவதுபோல் கைவிட்டுத் தேடினேன். ஒலிவமரக் கன்று வந்தது. அதை எடுத்துக்கொண்டு உன்னிடம் ஓடிவந்தேன்.

ஆகவே உன் வழக்கில் கர்த்தர் நிரபராதி. அவர் ஆர்டர் கொடுக்கவில்லை. நடுவில் ஒரு புரோக்கர் போலிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். உன் கோபத்தை விலாசம் மாற்றி இந்த முகவரிக்கு அனுப்பு. வேதபுத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கு. வேண்டுமானால் அந்தப் பெட்டியில் என்னை ஏற்று.

ஆசையில் செய்தேன். நீ அந்தச் சீட்டை நம்பி ஊர் ஊராக அலைவாய் என்று நினைக்கவில்லை. நீ பரிசோதனைக்குப் போகிறாய் என்று ராபின் எழுதிக் காட்டியபோதெல்லாம் வாயைத் திறக்கப் பார்த்தேன். பயந்துவிட்டேன். எனக்கு மனைவியில்லை, மக்களில்லை. நீ இல்லையென்றால் இந்த ஜில்லாவில் நான் வெறும் தறி மெக்கானிக்.

ஞானையா

*

சோமனூர்,
24.2.2008

நதியா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. லெந்து என்னும் நாற்பது நாள் நோன்பும் தொடங்கிவிட்டது. இந்த வருஷம் எதை விடலாம் என்று யோசித்தேன். கூட்டிப் பேசுவதை விட்டிருக்கிறேன். ஆகவே எழுத அதிகம் இல்லை. தறிகள் ஓடுகின்றன. நான் சாப்பிடுகிறேன்.

போன ஞாயிறு மண்ணரை வரை வந்தேன். உங்கள் தெருமுனையில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ராபினிடம் விசாரித்ததாகச் சொல்.

மாமா

*

மண்ணரை,
9.3.2008

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சுருக்கமான கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். கூட்டிப் பேசாத ஞானையா மாமா என்றால் ஏதோ வியாதி என்று ராபின் அழுதேவிட்டார்.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் ஒப்புதல் கடிதம் வந்ததும் நீங்கள் சொன்னபடியே விலாசம் மாற்றி, நான்கு நாள் உங்களைத் திட்டினேன். ருசிக்கவில்லை. உங்களைத் திட்டினால் நீங்கள் உடனே ஒப்புக்கொள்வீர்கள், அதோடு முடிந்துவிடும். ஐந்தாம் நாள் துணியில் ஓட்டை பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. நவம்பரிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, காலையிலிருந்து இரவு வரை அவரோடுதான் பேசியிருக்கிறேன். ஏன் செய்தீர், எப்படி மனசு வந்தது, கண்ணில்லையா என்று. சந்தோஷமாக இருந்த காலத்தில் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் ஜெபித்தால் அதிகம்.

நீங்கள் அதையும் பிடுங்கிக்கொண்டீர்கள். அவர் நிரபராதி என்றதும் பேச ஒன்றுமில்லாமல் போனது. அந்த ஒரு வாரம் மாதிரி ஒரு வாரம் எனக்கு வேண்டாம்.

பிறகு யோசித்தேன். சீட்டு உங்கள் வேலை, சரி. பிள்ளை இல்லாதது உங்கள் வேலையா? அவர் நிரபராதி என்று நீங்கள் எப்படித் தீர்ப்பு எழுதலாம்? அந்தக் கேஸ் எனக்கும் அவருக்கும் நடுவில் இன்னும் இருக்கிறது. அது நினைவு வந்ததும்தான் மூச்சு வந்தது.

வேதபுத்தகத்தை இறக்கினேன். ஆறுதலுக்கு இல்லை, சாட்சிக்கு ஆள் தேட. இருக்கிறார்கள் மாமா! எரேமியா தான் பிறந்த நாளையே சபிக்கிறார். யோனா, நான் எரிச்சலாயிருப்பது நல்லதுதான் என்று அவரிடமே சொல்கிறார். எண்பத்தெட்டாம் சங்கீதம் முதலிலிருந்து கடைசி வரி வரை இருட்டு. முடிவில் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. இதையெல்லாம் யாரும் சீட்டில் அச்சடிப்பதில்லை.

வெள்ளிக்கிழமை, கிடைத்த நன்மைகளை எழுந்து சொல்கிற சாட்சிக் கூட்டத்துக்குப் போனேன். ஒருத்திக்குச் சொந்த வீடு, ஒருத்திக்கு மகன் பாஸ். நான் எழுந்து, "எனக்கு ஒண்ணும் நடக்கலை. நான் கர்த்தர் மேல கோவமா இருக்கேன். அதைச் சொல்ல வேற இடமில்லை, அதான் வந்தேன்" என்றேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய், கீழே மிஷின்கள் எல்லாம் நின்று, நான் சொன்னது ஒவ்வொருவர் காதிலும் விழுந்தது.

பிறகு எங்கள் கம்பெனி டெய்லர் ராமுத்தாய் அக்கா எழுந்தார்கள். "எம் புருசன் ஓடிப்போயி நாலு வருசமாச்சு. அவன் திரும்பி வரணும்னு எல்லாரும் ஜெபம் பண்ணுதீக. நான் வரக்கூடாதுன்னு ஜெபம் பண்ணிட்டிருக்கேன். இதை யார்ட்டய்யா சொல்லுவேன்?" என்றார்கள். முதலில் போதகரம்மா சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். போதகர் எண்பத்தெட்டாம் சங்கீதத்தை முழுதாக வாசித்துவிட்டு, பிரசங்கம் செய்யாமல் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது உங்கள் தண்டனை. வருகிற வெள்ளிக்கிழமை நீங்கள் வர வேண்டும். தட்டில் கைவிட்டதைச் சபை முன்னால் நீங்களே சொல்ல வேண்டும். கூட்டாமல், குறைக்காமல்.

நதியா

*

சோமனூர்,
15.3.2008

நீதிபதி நதியா அவர்களின் சமூகத்துக்கு,

தண்டனை நிறைவேற்றப்பட்டது. நீயே பார்த்தாய். ஆனால் முடிவு என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

தறிப் பட்டறையில் ஆணையிடும் குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். தக்காளிக் கடை வரை சொன்னேன். சொல்லி முடித்ததும் ஒரே நேரத்தில் எல்லா வாய்களும் அசைந்தன. போதகர் எழுந்து கையை உயர்த்தினார், பலரும் உயர்த்தினார்கள். பின்வரிசைப் பெரியவர் பொன்னுத்துரை என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். போதகரம்மா முகத்தை மூடிக்கொண்டார்கள். ராபின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். சபையை விட்டு என்னை நீக்குகிறார்கள் என்று முடிவு செய்து, நீ கையைப் பிடிப்பதற்குள் படியிறங்கிப் பஸ் ஏறிவிட்டேன்.

நீக்கிவிட்டார்களா? எழுதித் தெரிவி. உன்னோடு நானும் அந்த மாடியில் உட்கார முடியாது என்றால், கீழே நிட்டிங் கம்பெனியில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்கிறேன். மிஷின் சத்தம் என்னை ஒன்றும் செய்யாது.

மாமா

*

மண்ணரை,
18.3.2008

அன்புள்ள மாமாவுக்கு,

அவசரக்காரரே, ஒரு நிமிஷம் நின்றிருந்தால் ராபின் எழுதிக் காட்டியிருப்பார்.

பெரியவர் பொன்னுத்துரை விரலை ஆட்டியது உங்களைத் திட்ட இல்லை. "நானும்தாம்வே! எம் மவளுக்காகப் பதினோரு வருசமா தேடித்தான் எடுக்கேன்!" என்று கத்தினார். போதகர் கையை உயர்த்தியது உங்களை நீக்க இல்லை. "இந்தத் தட்டில் தேடி எடுத்தவர்கள் எல்லாரும் கை தூக்குங்கள்" என்றார். பத்தொன்பது கைகள் மாமா. தனக்காகத் தேடியவர் ஒருவர்கூட இல்லை. மகனுக்கு, மாமியாருக்கு, ஊரில் இருக்கிற தம்பிக்கு. போதகரம்மா முகத்தை மூடிக்கொண்டு ஒரு கையை மட்டும் தூக்கினார்கள். வருஷா வருஷம் போதகருக்கு அவர்கள்தான் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். "அதான் எனக்கு எப்பவும் நல்ல வசனமே வருது" என்று அவர் சொன்னதும்தான் ராபின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

நான் சிரிக்கவில்லை. உங்களை மன்னிக்கவும் இல்லை. அந்த ஒரு வருஷம் அலைந்தது என் கால்கள். ஆனால் வீட்டுக்கு வந்து நினைத்துப் பார்த்தேன். சபை நடுவில் நின்று, போதகர் பார்த்துவிடுவாரோ என்ற பயத்தோடு, எனக்காக ஒரு நல்ல வார்த்தையைக் கைவிட்டுத் தேடுகிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்கிறார். அவரும் தெருமுனையில் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்.

ஈஸ்டர் ஞாயிறு ஆராதனை காலை ஐந்து மணிக்கு. சனிக்கிழமையே வந்துவிடுங்கள். ஆட்டுக்கறிக்கு ராபினிடம் சொல்லியாகிவிட்டது. சின்னாத்தாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்; சாமியோடு சண்டை போடுவது பற்றி அவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது.

கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, உங்கள் மேலும் அவர் மேலும். இரண்டு பேரும் சாப்பிட வரலாம்.

உங்கள் மருமகள்,
நதியா