தறி மெதுவான இடம்

செவ்வாய், இரவு.

எங்கள் ஹெவி மெட்டல் பாட்டை வெளியிடப் பெங்களூர் கம்பெனி ஒத்துக்கொண்டது. நடுவில் வேகம் இறங்குகிற இடம்தான் அவர்களுக்குப் பிடித்ததாம். கிட்டார் வாசிக்கும் முருகேசன் போனில் கூசாமல் சொன்னான்: “அது நான் யோசிச்சு வச்சது சார்.”

ராஜபாளையத்தில், விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய அறையில் பதிவு செய்த பாட்டு. நாலு வருஷமாகச் சுவருக்கு அப்பால் ஓடும் தறியின் சத்தத்தைத் தாளமாக வைத்துத்தான் நான் டிரம்ஸ் அடிக்கிறேன். பதிவு செய்த அன்று வோல்டேஜ் குறைந்து தறி மெதுவானது. என் கையும் மெதுவானது. மறுபடி வாசிப்பதற்குள் கரண்டே போய்விட்டது; அந்தப் பதிவையே கம்பெனிக்கு அனுப்பினோம். “பாட்டையே கெடுத்துட்டியேலே” என்று என் குச்சியைப் பிடுங்கி எறிந்தவன் இதே முருகேசன்.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் வீட்டிலேயே இதைக் கேட்டேன். “ஏலே, தறி போட்ட மெட்டுன்னா சொல்லச் சொல்லுத? சிரிச்சிருவாய்ங்க” என்றான்.

நானும் சிரித்துவிட்டேன். அதுதான் ஆறவில்லை.