கால் படாத பந்து

இராயபுரம்,
7-12-1952

அன்புள்ள அஜீசாவுக்கு,

இன்று காலை எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்பே, ஒரு கோல்ஃப் பந்தைத் தரையில் வைத்து வலது கால் விரல்களால் இடுக்கித் தூக்கிப் பார்த்தேன். இரண்டு முறை நழுவிக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. மூன்றாவது முறை வந்துவிட்டது. நாற்பத்து நான்கு வயதில் பாக்கியத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைப்பாய். முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்.

நான் சுகம். உன் வீட்டுக்காரர் ரஷீதுக்கு இருமல் நின்றதா? இங்கே மழை விட்டுவிட்டது. டோல்கேட்டில் தேங்கிய தண்ணீர் வடிந்து, திருவொற்றியூர் பஸ் மறுபடி நேரத்துக்கு வருகிறது. அதனால் ஆபீசில் என் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு இல்லை.

எங்கள் துரைமார் வழக்கம்போல உங்கள் வால்டேருக்குக் கோல்ஃப் ஆட வருகிறார்கள். ஜனவரி பத்தாம் தேதி, சனிக்கிழமை, உங்கள் ஊர்க் கம்பெனி ஒன்றோடு பந்தயம். கல்கத்தா மெயிலில் முதல் வகுப்பு, கடலைப் பார்த்த ஹோட்டல் அறைகள், வழிக்கு ஐஸ் பெட்டி, மட்டைப் பை தூக்குகிறவர்களுக்கு மூன்றாம் வகுப்பு. ஒன்பது வருடமாக எல்லாம் என் ஏற்பாடு. அலைச் சத்தம் எந்த அறையில் குறைவு என்பதுகூட எனக்குத் தெரியும். வால்டேரைத்தான் பார்த்ததில்லை.

தேசப்பனைப் பற்றி உனக்கு எழுதியதில்லை. எண்ணூரில் கம்பெனிக்கு ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. புல் கிடையாது, எல்லாம் மணல். குழியைச் சுற்றி மட்டும் மணலில் எண்ணெய் கலந்து உருளை ஓட்டிக் கெட்டியாக்கியிருப்பார்கள். பதினோரு வருடமாக அதைப் பார்த்துக்கொள்கிறவர் தேசப்பன். பக்கத்து மீனவர் குப்பம். பந்தயத்துக்குப் போனால் பெரிய துரையின் பையைத் தூக்குவார். துரைமார் வருவதற்கு முன், அவர்கள் தூக்கியெறிந்த ஒரு மட்டைக்கு வலைக்கயிறு சுற்றிக்கொண்டு தனியாக ஆடுவார். நானே பார்த்திருக்கிறேன். பந்து அவர் சொன்ன இடத்தில் விழும். ஆபீசில் எல்லோரும் 'அவன்' என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். இனி முடியாது. ஏன் என்று பார்.

பை தூக்குகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. துரையின் பந்து புதரிலோ பள்ளத்திலோ விழுந்தால், முன்னால் நடந்து போகிறவன் குனியாமலே அதைக் கால் விரலால் எடுத்து நல்ல இடத்தில் வைத்துவிட்டு நடப்பான். துரை பார்க்கமாட்டார். சாயங்காலம் எட்டணா கிடைக்கும். போன வருடம் வால்டேரில் பெரிய துரையின் பந்து ஒரு பள்ளத்தில் விழுந்தபோது, தேசப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பந்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். துரை ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் தோற்றார்.

முந்தாநாள் துரை என்னைக் கூப்பிட்டார். இந்த முறை தேசப்பன் வேண்டாம், காலில் புத்தி உள்ளவனாகப் பார் என்று சொல்லிச் சிரித்தார். பயணம் முடிந்து வந்ததும் மைதானத்துக்கும் வேறு ஆள் போட்டுவிடலாம் என்றார். நான் குறித்துக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் எண்ணூர் போய் தேசப்பனிடம் கேட்டேன், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று. "பந்து எங்க வியுதோ அங்கேர்ந்து அடிக்கிறதுதாம்மா ஆட்டம். நவுத்தி வச்சிகினு அடிக்கிறதுக்கு இன்னாத்துக்கு அம்மாந்தூரம் நடக்கணும்?" என்றார். மீனைக் காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி குப்பம்மா விடவில்லை. "அரிச்சந்திரன் வூட்டு மருமவன் பேசறாரு, கேட்டுக்கோம்மா! எட்டணா வருதுன்னா அந்தக் காலு தூங்கும். வூட்ல கீற பானைய ஒதைக்கச் சொல்லு, எய்ந்துக்கும்" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். வேலை போகப்போவதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

திரும்பி வரும் வழியெல்லாம் என்னையே நினைத்துக்கொண்டு வந்தேன், அஜீசா. போன வருடம் நோட்டீஸ் போர்டில் பந்தய முடிவை டைப் செய்து ஒட்டியவள் நான். துரைக்கு அன்று உடம்பு சரியில்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அது பொய்; யாரும் சேர்க்கச் சொல்லவும் இல்லை. எட்டணாகூட இல்லாமல் என் கால் தானாகவே நீண்டிருக்கிறது.

பந்தய விதியை நேற்று ராத்திரி எடுத்துப் படித்தேன். கம்பெனியின் நிரந்தர ஊழியர் நால்வர் ஆடவேண்டும், அவ்வளவுதான். இன்ன பதவி என்று இல்லை. எங்கள் கம்பெனியின் நாலாவது ஆட்டக்காரர் பம்பாய்க்கு மாற்றலாகிப் போய்விட்டார். அந்த இடத்தை நிரப்ப ஆள் இல்லை. தேசப்பனோ ஊழியர் பதிவில் நிரந்தரம்.

இன்று கோவிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து மறுபடி எண்ணூர் போனேன். ஆடுவீர்களா என்றேன். "இன்னாம்மா பேஜாரு பண்றே! பையத் தூக்கறவன் போயி தொர பக்கத்துல நிக்கறதா?" என்று மணலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குப்பம்மாதான் கேட்டாள், "பூட்ஸு போட்டுகினுதான் ஆடணுமா?" என்று. சம்மதம் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அதனால் உன்னிடம் இரண்டு உதவி. ரஷீதின் பழைய கேன்வாஸ் பூட்ஸ் இருந்தால் உடனே பார்சலில் அனுப்பு. பழகுவதற்கு ஒரு மாதமாவது வேண்டும். ஹோட்டலில் நாலாவது அறைக்குத் தேசப்பன் பெயரைத்தான் எழுதப்போகிறேன். அங்கே முகம் சுளித்தால், அவருக்கும் கூட வரும் குப்பம்மாவுக்கும் உன் வீட்டில் இடம் கொடு. சனிக்கிழமை மைதானத்துக்கு நீயும் வா. குழியில் விழும்வரை கை தட்டாதே. அவருக்குப் பிடிக்காதாம்.

நாளை காலை நால்வர் பட்டியலைத் துரையின் மேஜையில் வைப்பேன். அதன்மேல் விதிப் புத்தகத்தை, அந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பேன். மறைத்துக் கையெழுத்து வாங்கமாட்டேன். அவர் படிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன். நாலாவது பெயரை அவர் அடித்தால், என் கைப்பையில் இன்னொரு காகிதம் இருக்கிறது. என் ராஜினாமா. காலையில் பந்தை எடுத்து அலமாரியில் வைத்ததும் எழுதியது. வீட்டில் அண்ணனுக்குக்கூடத் தெரியாது. தேசப்பனிடம் சொன்னால் ஆடவே மாட்டார். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது, இரண்டில் ஒன்று நடந்திருக்கும்.

நான் ஜெபம் செய்துவிட்டேன். நீயும் துவா செய், துரைக்கு நல்ல புத்தி வரவேண்டும் என்று அல்ல. அவர் பேனாவை எடுக்கும்போது என் கால் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும் என்று.

கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

என்றும் உன்,
ஞானபாக்கியம்