உரிமத்தில் ஒரு ‘மட்டும்’

ஜூலை 7, திங்கள். ஹட்டன்.

காலையிலிருந்து தூறல். மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது.

செயலி வெளியீடு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் சிங்களத்தில் எழுதித் தரும் மருந்துத் துண்டைத் தமிழில் வாசித்துச் சொல்லும் எங்கள் செயலி. பழைய குரல் புதுப் போன்களில் வேலை செய்வதில்லை என்று வேறொருவர் எழுதிய குரல் நிரல் நூலகம் சேர்த்தோம். அதன் உரிமம் ஜி.பி.எல். 3, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்கிற பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு. எங்களுடையது ஜி.பி.எல். 2 மட்டும். இரண்டும் சேராது. ‘2 அல்லது அதற்குப் பிந்தையது’ என்று மாற்றினால் தீரும். எழுதிய மூவரும் சம்மதிக்க வேண்டும். நான், பஸ்லினா, அருள்.

அருள் மெல்பேர்ன் போய் மூன்று வருடம். பேச்சு நின்றும் ஏறக்குறைய அவ்வளவு.

ஜூலை 8

செயலியின் பொதுப் பக்கத்தில் சம்மதம் கேட்டேன். பஸ்லினா உடனே போட்டாள். அருளுக்குத் தனியாக மின்னஞ்சல். உரிமம் பற்றி மாத்திரம். நான்கு தரம் திருத்தி.

அந்த ‘மட்டும்’ அவன் வைத்ததுதான். வட்டவளை ஸ்டேஷனில், ரயில் தாமதமான ஒரு நாள். “பின்னாடி எவனோ எழுதப் போற உரிமத்துக்கு இப்பவே எப்படித் தலையாட்டுறது, மதி?” என்றான். எதற்கும் முன்கூட்டி வாக்குக் கொடுக்கமாட்டான். எனக்கும் கொடுக்கவில்லை.

ஜூலை 10

பதில் இல்லை.

பக்கத்து லயத்து வீட்டுப் புஷ்பம் அக்கா தலைசுற்றி விழுந்துவிட்டார். சீனி வருத்தத்துக்கு மருந்தைக் குறைத்து எழுதியிருக்கிறார்கள். அவருடைய புதுப் போனில் செயலி பேசாததால், துண்டை வாசிக்கத் தெரியாமல் பழைய அளவையே விழுங்கியிருக்கிறார். “அந்தப் போனு மறுபடி எப்பம்மா பேசும்?”

பஸ்லினாவிடம் சொன்னேன். “அருள் எழுதுனத எடுத்துட்டு நாமளே புதுசா எழுதுவோம். இன்னும் எத்தன நாளு பாத்துக்கிட்டு இருப்ப?” என்றாள். நியாயம்தான்.

ஜூலை 12

மழை, பனி.

அவன் பகுதியைத் திறந்தேன். துண்டிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் பகுதி. இடையிடையே குறிப்புகள், பேசுவது போலவே. ‘இதத் தொடாத. தொட்டா அழுவ.’

புதிதாக எழுதுகிறவர் பழையதைப் பார்க்காமல் எழுதுவதே நல்லது; பார்த்தால் நகலாகிவிடும். எனக்கு அது வரிக்கு வரி மனப்பாடம். பஸ்லினா அதைத் திறந்ததே இல்லை. அவளையே எழுதச் சொல்லிவிட்டு, தேயிலைக்குள் கொஞ்ச நேரம் சும்மா நடந்தேன்.

ஜூலை 14

வெயில். துணி காய்ந்தது.

பொதுப் பக்கத்தில் அருள்: ‘சம்மதம்.’ ஒரே சொல். மின்னஞ்சலைப் பலமுறை திறந்து பார்த்தேன். தனியாக ஒன்றும் வரவில்லை.

பஸ்லினாவுக்குச் சந்தோஷம். தொடங்கியதை நிறுத்திவிட்டாள். உரிமத்தை மாற்றி வெளியிட்டேன். புஷ்பம் அக்காவின் போனில் ஏற்றினேன். “காலையில் பாதி மாத்திரை” என்றது. திரும்பவும் கேட்டார்.

பொதுப் பக்கத்தில் ‘தீர்ந்தது’ என்று குறித்து மூடினேன். இனி அவனுக்கு எழுதக் காரணம் ஒன்றுமில்லை.