பெருநாள் பெட்டி போகாத வீடு

மன்சூரா, எகிப்து, வியாழக்கிழமை

ஹாதிம் அண்ணா, இதை எழுதுவது மைஸா. தலைச்சாயம் பட்டுப் பட்டு அம்மாவின் விரல்கள் வெடித்திருப்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதுவேன். இனி வருவது அம்மாவின் சொற்கள்.

என் கண்ணான மகனுக்கு, நானும் தங்கையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்க அல்லாஹ் அருள வேண்டும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீயும் முழுதாகக் கேட்காமல் யோசனை சொல்லத் தொடங்குவாய், அதனால்தான் கடிதம். நம் சிகை அலங்காரக் கடைக்கு வருபவர்களில் யார் அதிகம் செலவழிக்கிறார்கள் என்று பட்டியல் போட்டு, முதல் பன்னிரண்டு பேரைத் தனியாகக் கவனிக்கச் சொன்னாய் அல்லவா. மைஸா என் பழைய நோட்டுகளைப் பார்த்து அழகாகவே போட்டாள். நோன்புப் பெருநாளுக்கு வழக்கமாகத் தெரு முழுக்கப் போகும் நம் வீட்டு கஹ்க் பலகாரம் இந்த முறை பன்னிரண்டு வீடுகளுக்கு மட்டும் போனது, பெரிய பெட்டியில், பிஸ்தா வைத்து, தங்க நிற ரிப்பன் கட்டி. எதிர்க் கட்டடத்து மூன்றாம் மாடி டாக்டரின் மனைவி போன் செய்து நன்றி சொன்னபோது, என் மகன் படித்தவன் என்று பெருமைப்பட்டேன்.

அதே கட்டடத்தில் கல்யாண கவுன் தைக்கும் இன்ஸாஃப் அக்கா அந்தப் பட்டியலில் ஐம்பதுக்கும் கீழே. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முடியின் நுனியை வெட்டிக்கொள்வார், சாயம்கூட வேண்டாம் என்பார். ஆனால் அளவு கொடுக்க வரும் ஒவ்வொரு மணப்பெண்ணிடமும், உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே, "தலைக்கு உம்மு ஹாதிம்கிட்ட போ, வேற எவகிட்டயாவது போனா என் கவுன கழட்டி வெச்சுட்டுப் போ" என்று, உன் பெயரை வைத்தே என்னைச் சொல்லி அனுப்புவார். ஒரு மணப்பெண் வந்தால் அம்மா, அக்கா, அத்தை என்று கூடவே பத்துத் தலை வரும். அந்தப் பத்தும் நோட்டில் அவரவர் பெயரில்தான் இருந்தன, அனுப்பியவர் பெயரில் அல்ல. நோட்டுக்குத் தெரியாது, சரி, எனக்குத் தெரியாதா.

(டாக்டர் வீட்டுப் பெட்டியை நான்தான் கொண்டுபோனேன், அண்ணா. இன்ஸாஃப் அக்காவின் கதவு திறந்திருந்தது. "மெதுவாப் போ கண்ணு, ரிப்பன் கசங்கிடும். எறங்கும்போது உள்ள வா, டீ போட்டு வெக்கறேன், நம்ம பெட்டிய சேந்தே பிரிப்போம்" என்றார். அவருக்குத்தான் பெட்டி இல்லையே, நான் இறங்கும்போது ஓடிவந்துவிட்டேன். — மைஸா)

அதன்பிறகு மூன்று வாரமாக ஒரு மணப்பெண்கூட வரவில்லை. முந்தாநாள் நானே கஹ்க் சுட்டுத் தட்டில் அடுக்கி இன்ஸாஃப் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். முகம் சுளிக்கவில்லை அவர், உட்கார வைத்து, புதினா போட்ட டீ கொடுத்து, உன்னைப் பற்றியும் விசாரித்தார். பட்டியலைப் பற்றிச் சொல்லி அழுதேன். "அழாத உம்மு ஹாதிம். இருவது வருஷமா வந்து போறேன், நான் உனக்கு வாடிக்கைக்காரிங்கறதே எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றார், சிரித்துக்கொண்டே. உன் அப்பா இறந்த வருடம், என் கையைப் பிடித்து இழுத்துவந்து கடையைத் திறக்க வைத்தவர் அவர். நேற்றுக் காலை என் தட்டு திரும்பி வந்தது. நம் தெருவில் எந்தத் தட்டும் வெறுமையாகத் திரும்பாது, இல்லாதவர்கள்கூட இரண்டு எலுமிச்சையாவது வைப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். என் தட்டைப் பளபளவென்று கழுவித் துடைத்து அனுப்பியிருந்தார். அதில் ஒன்றுமே இல்லை.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை மகனே, நீ இருப்பது தூரத்தில், நான் இருந்தது எதிர் வாசலில். கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, வேளைக்குச் சாப்பிடு. ஊருக்கு வரும்போது முதலில் அவர் வீட்டுப் படியேறு, ஆனால் பரிசு எதுவும் வாங்கிவராதே. உன் கையில் பரக்கத்தும் உன் வழியில் நல்ல மனிதர்களும் நிறையட்டும்.

உன் அம்மா,
ஃபௌஸியா

உண்மையாக எழுதுவேன் என்றதால் இதையும் எழுதுகிறேன் அண்ணா. மணி மாலை நாலரைதான் ஆகிறது, கல்யாணக் கூட்டம் வாசல்வரை நிற்க வேண்டிய நேரம். அம்மா எழுந்துபோய்க் கடைக் கண்ணாடிகளுக்கு மேலிருந்த விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டார்.