மாலினி அவனைக் கட்டக் கூடாது

25 ஆகஸ்ட் 1974, ஞாயிறு

கொழும்பு ரேடியோவில் நாடகம் முடிந்ததும் தெருவே மூக்கைச் சிந்தியது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆம்பளை என்றால் இவனல்லவா ஆம்பளை என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரவீந்திரன் செய்த காரியம் என்ன? லண்டனுக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, தன் சிநேகிதனையே அனுப்பி மாலினியிடம் காதல் பேச வைத்திருக்கிறான். அவள் மாதக்கணக்கில் அந்தச் சிநேகிதனை விரட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் கிடந்தாள். இன்றைக்குக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, "நீ ஜெயித்துவிட்டாய் மாலினி" என்கிறான். இவளும் உருகுகிறாள். உடனே வயலின்.

நாடகத்துக்குப் பிறகு நேயர் கருத்து வாசிப்பார்கள். அவன் வைக்கும் பரீட்சை கேட்கிறவர்களுக்கு முன்னமே தெரியும், வந்த கடிதமெல்லாம் ரவீந்திரனுக்குப் புகழ்மாலை. பொறுக்க முடியவில்லை, நானும் எழுதிவிட்டேன். "பரீட்சை வைத்தவனுக்கு யார் பரீட்சை வைத்தார்கள்? நம்பாதவன் கட்டுகிற தாலி எதற்கு? மாலினி அவனைக் கட்டக் கூடாது." பேரும் ஊரும் போட்டிருக்கிறேன். வாசிக்காவிட்டால் போகட்டும்.

28 ஆகஸ்ட், புதன்

இனிகோ என்று ஒருத்தன், துறைமுகத்திலிருந்து எங்கள் ஆபீசுக்குப் பில் கொண்டு வருகிறவன், கொஞ்ச நாளாக என் டைப்ரைட்டரையே சுற்றி வருகிறான். இன்று சினிமா டிக்கெட் இரண்டை மேசையில் வைத்தான். இரண்டையும் கிழித்து அவன் சட்டைப் பையிலேயே போட்டேன். பக்கத்து மேசை பிலோமிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. எனக்குக் கை நடுங்கியதை அவளிடம் சொல்லவில்லை.

பாஸ்கலிடம் சொல்லலாமா? வேண்டாம், வீணாகச் சண்டைக்குப் போவார். எங்கள் கல்யாணம் பேசி முடித்தும் அவர் இன்னும் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லவில்லை. கேட்டால், தோணியில் சரக்கு ஏற்றுகிற வேலையாம்.

8 செப்டம்பர், ஞாயிறு

மாதா பிறந்தநாள். பூசையில் எங்களுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். பாஸ்கல், ஹில்டா, இவர்கள் கல்யாணத்துக்குத் தடை அறிந்தவர்கள் பங்குச் சாமியிடம் சொல்ல வேண்டும் என்று. இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்தால் கல்யாணம்.

ஆண்கள் பக்கத்திலிருந்து பாஸ்கல் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. இருபத்தேழு வயதில் வெட்கம் வருமா? வந்தது. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

ஒரே நாளில் இரண்டு இடத்தில் என் பேர். காலையில் கோயிலில் இரண்டாம் ஓலை, மாலையில் ரேடியோ!

"தூத்துக்குடியிலிருந்து ஹில்டா எழுதுகிறார்" என்று முழுக்க வாசித்தார்கள். முடித்துவிட்டு அறிவிப்பாளர், கோபக்கார நேயர்தான் என்று சிரித்தார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. அம்மா ரேடியோவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"காலையிலதான ஓலை வாசிச்சிருக்கு. அவனக் கெட்டக் கூடாதுன்னு எழுதினா, யாரச் சொல்லுதன்னு ஊரு நெனைக்கும்ளா?"

16 செப்டம்பர், திங்கள்

ஆபீசில் வேலையே ஓடவில்லை. குமாஸ்தா பிச்சையா அண்ணாச்சிக்கு ரவீந்திரன் சொக்கத் தங்கமாம், மாலினி கொடுத்து வைத்தவளாம். அண்ணாச்சியை இப்படி ஒருத்தர் சோதித்துப் பார்த்தால் சும்மா இருப்பாரா என்று கேட்டேன். ஆம்பளையை எதுக்குச் சோதிக்கணும் என்றார். பிலோமி என் கட்சிதான், ஆனால் காதோடுதான் சொல்கிறாள்.

18 செப்டம்பர், புதன்

பாஸ்கல் மக்ரூன் பொட்டலத்தோடு வந்தார். கோபமில்லை, சிரித்த முகம்தான். அவருடைய அம்மா மானம் போய்விட்டதென்று சாப்பிடாமல் கிடக்கிறார்களாம். ரேடியோவுக்கு இன்னொரு கடிதம் போட வேண்டுமாம், முன்னே எழுதியது தப்பு, ரவீந்திரன் நல்லவன் என்று. ரவீந்திரன் நல்லவன் இல்லையே, எப்படி எழுதுவது என்றேன்.

"அவன் செஞ்சதுல என்ன தப்பு ஹில்டா? கெட்டப் போற பொண்ணு எப்படின்னு தெரிஞ்சுக்க வேண்டாமா? நானுந்தான் இனிகோவ அனுப்பினேன். டிக்கெட்டக் கிழிச்சுட்டியாம்லா. அதுக்குப் பொறவுதான ஓலைக்கே சொன்னேன்."

எனக்கு ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி சொன்னார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வாசல்வரை போய் வழியனுப்பினேன். நானா!

போன பிறகுதான் எல்லாம் வருகிறது. என் கை நடுங்குனது அவனுக்கு வேடிக்கையா? டிக்கெட்ட வாங்கிப் பேசாம டிராயர்ல போட்டிருந்தா ஓலை கிடையாதா? கெட்டுன பெறகும் எவனையாவது அனுப்புவானா? இனிமே எவன் வந்து சிரிச்சாலும் இவன் அனுப்புன ஆளான்னு பாக்கணுமா நான்? சிரிச்சான். சிரிச்சிக்கிட்டே சொன்னான்.

20 செப்டம்பர், வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். அதான் பாஸாயிட்டியே, பொறவு என்ன என்கிறாள். மூன்றாம் ஓலை நின்றால் தெருவில் தலைகாட்ட முடியாது, அப்பா இல்லாத வீடு என்று எல்லாரும் இளக்காரம் பேசுவார்கள் என்று அழுதாள். அவள் சொல்வது பொய்யில்லை. அதற்காக?

மக்ரூன் பொட்டலத்தை நான் திறக்கவில்லை. எறும்பு திறந்துவிட்டது.

22 செப்டம்பர், ஞாயிறு

பூசைக்கு முன்னால் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறைக்குப் போனேன். தடை இருந்தால் சொல்லச் சொன்னீர்களே சாமி, எனக்கு ஒன்று தெரியும் என்றேன். யார் கல்யாணத்துக்கு என்று கேட்டார். என் கல்யாணத்துக்கு.

பையனுக்கு வேறு மனைவி உண்டா, உறவுமுறை இடிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னேன். "நம்ம ரவீந்திரன் மாதிரியா?" என்றார். அவரும் நாடகம் கேட்கிறவர்தான் போலிருக்கிறது. அப்புறம் தலையை ஆட்டினார். "இதெல்லாம் தடையில வராதே, பிள்ள."

"எனக்குச் சம்மதம் இல்ல சாமி. அது வருமா?"

யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். வாசிக்க வைத்திருந்த தாளை எடுத்து, பேனாவைத் திறந்தார். "அதுதாம்மா பெரிய தடை."

பூசையில் மற்ற ஓலைகளை வாசித்தார்கள். எங்கள் பேர் வரவில்லை. பெண்கள் பக்கம் முழுக்கத் தலைகள் திரும்பின. நான் பீடத்தைப் பார்த்தபடியே இருந்தேன். அம்மா பூசை முடியுமுன்னே எழுந்து போய்விட்டாள்.

27 செப்டம்பர், வெள்ளி

அம்மா சோறு வைக்கிறாள், பேசுவதில்லை. இனிகோ இன்று பில்லை வாசலில் வைத்துவிட்டே ஓடிவிட்டான்.

9 அக்டோபர், புதன்

இன்று நடந்திருக்க வேண்டிய கல்யாணம். லீவு போடவில்லை. போய் டைப் அடித்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து கல்யாணப் பட்டுச்சேலையைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. கோயிலில் அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தது நினைவுக்கு வந்தது. அழுதேன், அவ்வளவுதான். சொன்னதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

13 அக்டோபர், ஞாயிறு

நாடகம் இன்றோடு முடிந்தது. ரவீந்திரனுக்கும் மாலினிக்கும் கல்யாணம், நாதசுரம், வாழ்த்து எல்லாம். நான் மட்டும்தான் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று ஞாயிறாக அம்மா அடுக்களையை விட்டு வருவதில்லை.

மேளம் அடிக்கும்போதே அம்மா விறுவிறு என்று வந்து ரேடியோவை அணைத்தாள்.

"அவன்ட்ட ஒரு வார்த்தை கேப்பா, கேப்பான்னு நானும் அடுக்களையில இருந்தே வாரா வாரம் பாத்துட்டே இருக்கேன். ஒண்ணும் கேக்காமக் கழுத்த நீட்டிட்டாளே, கூறுகெட்டவ."

நான் தாளை எடுத்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எழுதுளா. என் பேரையும் போடு."

ஞானசௌந்தரி என்று எழுதினேன். ஊரையும் போடவா என்று கேட்டேன்.

"தெருவையும் போடு" என்றாள்.