மதுராவின் தலையின் வலப்பக்கம்

என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்ட என் சுகந்திக்கு,

உம்முடைய முதல் வருட ஆட்டைத் திவசம் போன கிழமை முடிந்தது. சுருவில் ஊரில் எங்கள் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, ஐயர் வந்து, எல்லாம் முறையாக நடந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போன ஒவ்வொருவரும் என் தோளைத் தட்டி ஒரே கதையைத்தான் சொன்னார்கள். "தாயில்லாத குறை தெரியாமல் பிள்ளையை வளத்துப்போட்டீர்."

நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அது முழு உண்மையில்லை என்று எனக்கும் ராணியக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். உமக்கும் தெரிய வேண்டும். கைக்குழந்தை வைத்திருக்கும் வேறு யாராவது இதைப் படித்தாலும் படிக்கட்டும். எனக்கு அதில் வெட்கம் இல்லை. இருந்த வெட்கமெல்லாம் இந்த ஒரு வருடத்தில் கரைந்துவிட்டது.

மதுரா பிறந்த நாலாம் நாள் நீர் போனீர். உம்மைவிட்டுப் போன இரத்தத்தை ஈடு செய்ய முன்பின் தெரியாத எத்தனையோ பேர் வந்து இரத்தம் தந்தார்கள். வைத்தியர்களும் நித்திரை இல்லாமல் போராடினார்கள். பிள்ளையின் முப்பத்தோராம் நாளும் உம்முடைய அந்தியேட்டிச் சடங்கும் ஒரே கிழமையில் வந்தன. அவளுக்கு முடி இறக்க வேண்டிய நேரத்தில் நான் கீரிமலைக் கடலில் உமக்காக முழுகிக்கொண்டிருந்தேன்.

என் மூத்த அக்கா, ராணியக்கா, புளியங்கூடலில் தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து எங்களோடு இருந்துவிட்டா. பால் கரைப்பது, துணி தோய்ப்பது, குளிக்க வார்ப்பது எல்லாம் அவதான். அவவின் மணிக்கட்டு வாதம் உமக்குத் தெரியும்தானே. பிள்ளையை அதிக நேரம் தூக்கி வைத்திருக்க அவவுக்கு ஏலாது. பால் கொடுத்து, முதுகு தட்டி ஏவறை எடுத்ததும் கட்டிலில் கிடத்திவிடுவா.

நான்? அந்தியேட்டி முடிந்த நாலாம் நாளே குறிகட்டுவான் துறைக்கு, படகு வேலைக்கு ஓடினேன். லோஞ்சின் எஞ்சின் அறைக்குள் இருந்தால் வேறு எந்தச் சத்தமும் காதில் விழாது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் அறை வாசலில் நின்று அவளைப் பார்ப்பேன். பிறகு கிணற்றடிக்குப் போய்விடுவேன். நான் அவளைத் தூக்கவில்லை, சுகந்தி. இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு நாள்கூடத் தூக்கவில்லை. அவளில் எனக்குக் கோபமாக இருந்தது. பிறந்தபோது மூன்று கிலோகூட இல்லாத ஒரு உயிரில் கோபம் வைத்திருந்தேன் என்று எழுதும்போது என் கையே கூசுகிறது.

மூன்றாம் மாதம் குடும்ப நல மாது வீட்டுக்கு வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்தா. நிறை சரி என்றா. பிறகு தலையின் பின்பக்கத்தைத் தடவினவ, திரும்பவும் தடவினா.

"தம்பி, ஒருக்கா இஞ்சை வாரும். இந்த இடத்தைத் தொட்டுப் பாரும்."

தொட்டேன். பின்தலையின் வலப்பக்கம் பலகைபோலத் தட்டையாக இருந்தது. வலது காதும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளியிருந்தது. ஆஸ்பத்திரியில் நீர் அவளை மடியில் வைத்துக்கொண்டு, "இஞ்சை பாருங்கோ, எவ்வளவு வடிவான உருண்டைத் தலை" என்று சொன்னது அந்த நேரத்தில் என் காதில் கேட்டது. கையை எடுத்துவிட்டேன்.

"பிள்ளை எப்பவும் ஒரு பக்கமாத்தான் கிடக்கிறவவோ?" என்று அந்த அம்மா கேட்டா.

"ஓம் மிஸ்ஸி," என்றா அக்கா. "மற்றப் பக்கம் சுவர். வாசலைப் பாத்துக்கொண்டுதான் கிடப்பா. குழப்படியே இல்லை."

"தேப்பன் வாசல்லை நிண்டு பாக்கிறவர் போலை. அதுதான் அங்கையே பாக்கிறா." அவ பகிடியாகத்தான் சொன்னா. "எவ்வளவு நேரம் தூக்கி வைச்சிருக்கிறனீங்கள்?"

அக்கா என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன். வெளிச்சமும் பாலும் அக்காவும் அந்த வாசலால்தான் வந்தார்கள். நானும் அங்கேதான் வந்து நின்றேன், உள்ளே போகாமல். நான் வருவேன் என்று பார்த்துப் பார்த்தே அவளுடைய தலை சப்பையானதா?

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளை வைத்தியர் வயது குறைந்த ஒரு பெண். தலையைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்தா. "மண்டை எலும்புகள் நேரத்துக்கு முதல் ஒண்டோடொண்டு ஒட்டேல்லை, நல்லகாலம். மூளை வளர்ச்சிக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரே பக்கம் படுத்ததாலைதான் இப்பிடி. கழுத்தும் கொஞ்சம் இறுகியிருக்கு," என்றா. பிறகு பதிவுக் கொப்பியைப் பார்த்தபடி, "அம்மா வரேல்லையோ?" என்று கேட்டா.

"அம்மா இல்லை டொக்டர்," என்றேன். நீர் இல்லை என்று என் வாயால் ஒருவருக்குச் சொன்னது அதுதான் முதல்தடவை.

அவ பேனையை வைத்துவிட்டு எனக்கு நேரே திரும்பினா. ஒவ்வொன்றாகச் சொன்னா. நித்திரைக்கு எப்போதும் மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும், தலைக்குத் தலையணையோ துணிச்சுருளோ கூடாது. கட்டிலில் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றினால் வாசல் மற்றப் பக்கம் வரும், பிள்ளை அந்தப் பக்கம் திரும்பும். முழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருந்துகொண்டு, கொஞ்ச நேரம் குப்புற விட வேண்டும். பால் கொடுக்கும் கையையும் மாற்ற வேண்டும். கழுத்தை இடப்பக்கம் திருப்பும் பயிற்சியைப் பிசியோதெரபிக்காரர் காட்டித் தருவார்.

"எல்லாத்திலும் நல்ல மருந்து, தூக்கி வைச்சிருக்கிறதுதான்," என்று முடித்தா.

அன்று வீட்டுக்கு வந்ததும் கட்டிலைத் திருப்பினேன். பிறகு பாயில் மல்லாந்து படுத்து, அக்காவிடம், "பிள்ளையைத் தா," என்றேன். அக்கா அவளை என் நெஞ்சில் குப்புறக் கிடத்தினா. அவள் கத்தினாள். தலையைத் தூக்க முடியாமல் என் சேட்டுத் துணியில் மூக்கைத் தேய்த்தாள். பிறகு ஒருக்கால் தலை தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். உடனே தலை விழுந்துவிட்டது. நானும் அவளும் சேர்ந்து அழுதோம். அக்கா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டா.

இதோடு எல்லாம் சரி வந்துவிட்டது என்று நினையாதையும். இரண்டு கிழமை கழித்து, கடல் கொந்தளித்ததால் லோஞ்ச் ஓடவில்லை. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அறைக்குள் போனால் மதுரா குப்புற நித்திரை. முகம் முழுக்கத் தலையணைக்குள் புதைந்து கிடந்தது. அசைவே தெரியவில்லை. பறித்துத் தூக்கினேன். மூச்சு ஒன்றை இழுத்தாள், பிறகு வீறிட்டாள். தூக்கியதற்கும் அந்த மூச்சுக்கும் இடையில் போன நேரத்தை நான் உமக்கு எப்படிச் சொல்லுவேன்?

அக்கா அகப்பையோடு ஓடி வந்தா. குப்புறப் படுத்தால் தலை கெதியாக உருண்டுவிடும் என்று அயலில் யாரோ சொன்னார்களாம். மெத்தென்று இருக்கட்டும் என்று தலையணையும் வைத்தாவாம்.

"டொக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னவ! பிள்ளையைக் கொல்லப் பாத்தியோ?" என்று கத்திவிட்டேன்.

அக்கா அகப்பையைக் கீழே வைத்தா. பிறகு மெல்லிய குரலில் சொன்னா. "நான் கொல்லப் பாத்தனானோ? நீ தொடாத பிள்ளையைத் தொட்டு வளத்தது நான்ரா. இந்தக் கை நோகநோக வளத்தனான்."

அவ சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. மதுரா என் தோளில் விக்கிக்கொண்டிருந்தாள். நான் அக்காவின் காலடியில் குந்திவிட்டேன். "அக்கா, மன்னிச்சுக்கொள்ளு," என்றேன். அவவும் பக்கத்தில் குந்திப் பிள்ளையின் முதுகைத் தடவினா. பானையில் சோறு அடிப்பிடித்து மணந்தது. ஒருவரும் எழும்பவில்லை.

அடுத்த நாளே லோஞ்சின் பின்னேர ஓட்டங்களை வேறொரு ஆளிடம் கொடுத்தேன். மத்தியானத்துக்குப் பிறகு பிள்ளை என் பொறுப்பு. நித்திரையான பிறகு மெல்ல முகத்தை இடப்பக்கம் திருப்பிவிடுவேன். அவள் திரும்பவும் வலப்பக்கம் போவாள், நான் திரும்பவும் திருப்புவேன். ஒரு நாளில் எத்தனை தரம் என்று தெரியாது. முழித்ததும் இடப்பக்கம் இருந்து கைதட்டிக் கூப்பிடுவேன். முதல் இரண்டு கிழமையும் கண் மட்டும்தான் வந்தது. பிறகொரு நாள் கழுத்தும் சேர்ந்து வந்தது. நான் கத்திய கத்தில் அக்கா பயந்துபோனா.

எட்டாம் மாதம் தவழ்ந்தாள். அதற்குப் பிறகு அவளை ஒரு பக்கமாகப் படுக்க வைக்க யாரால் முடியும்? இப்போது கதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அலுமாரியைத் திறந்து உம்முடைய சேலைகளை இழுத்து விடுகிறாள். நான் தடுப்பதில்லை.

நேற்று நயினாதீவுக் கோயிலில் அவளுக்கு முடி இறக்கினோம். ஆட்டை முடியட்டும் என்று காத்திருந்தது அதற்குத்தான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு போன என் விரல் வலப்பக்கம் வந்ததும் நின்றது. முன்போல இல்லை. ஆனால் முழுதாக மாறவுமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மயிர் வளந்தா ஒருத்தருக்கும் தெரியாது. பிறக்கேக்கையே அப்பிடித்தான் எண்டு சொல்லு, விடு," என்றா.

மற்றவர்களுக்கு என்ன சொன்னாலும் பரவாயில்லை. என்றைக்காவது மதுரா சீப்பால் தலை இழுக்கும்போது அவளுடைய கையே அந்த இடத்தில் படும். "அப்பா, இதென்ன?" என்று கேட்பாள். அன்றைக்குப் பிறவியென்று சொல்ல மாட்டேன், சுகந்தி. இது உமக்கு நான் தரும் வாக்கு. நீ பிறக்கும்போது இது இருக்கவில்லை, அப்பா உன்னைத் தூக்காமல் விட்ட நாட்களில் வந்தது என்று சொல்லுவேன். அவளுக்குக் கோபம் வந்தால் வரட்டும். அது தீரும்வரை, எத்தனை நாளானாலும், நான் அவளுக்குப் பக்கத்திலேயே இருப்பேன்.

உம்முடைய கணவன்,
மதுராவின் அப்பா