கேன் தண்ணீர்

மாமா,

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினை வாங்கிவிடாதீர்கள். அதற்காக ஓசூரில் ஓவர்டைம் பார்ப்பதும் இனி வேண்டாம். போனில் சொன்னால் அம்மா காதில் விழும். நம் கல்யாணத்தை முடித்துவைத்தவள் அவள்தானே.

நம் மகள் கலைமதியின் எச்சிலை எடுத்து அனுப்பிய மரபணுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. நாலு வயதிலேயே அவளுக்குப் பல்லெல்லாம் ஆடி விழுந்தது தண்ணீரால் இல்லையாம். பென்னாகரம் பக்கம் எல்லோர் பல்லிலும் காவி படிந்திருப்பதால் நாமும் போர்வெல் தண்ணீரையே திட்டிக்கொண்டிருந்தோம். அவள் உள்ளங்கை தடித்து வெடிப்பதும் இதே நோய்தானாம்.

"நீங்களும் வூட்டுக்காரரும் சொந்தங்களா?" என்று சேலத்துப் பல் டாக்டரம்மா கேட்டார்.

"எங்கம்மா கூடப் பொறந்த தம்பிங்க மேடம். அவரத்தான் கட்டிக்கிட்டேன்."

அவர் ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பழுதான மரபணு உங்களிடம் ஒன்றும் என்னிடம் ஒன்றும் இருக்கிறதாம், மாமா. அதனால் நமக்கு ஒன்றும் ஆகாது. இரண்டும் ஒரே பிள்ளைக்குப் போனால்தான் இந்த நோய். இனி முளைக்கும் பல்லும் நிற்பது கஷ்டமாம். அடுத்த பிள்ளைக்கும் வரலாமாம்.

"அப்பா மெஷின் வாங்கியாந்தா எனக்குப் பல்லு நிக்கும்ல?" என்று கலைமதி பஸ்ஸில் கேட்டாள். நிக்கும் என்றேன்.

பொங்கலுக்கு நீங்கள் வந்துபோனதிலிருந்து எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. நேரில் சொல்லலாம் என்றிருந்தேன்.

இந்த நாலு மாதமும் நான் கேன் தண்ணீர்தான் குடித்தேன், மாமா.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்